வலிப்பு உள்ள குழந்தைக்கு மருந்தை விடாமல் கொடுப்பது: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகளுக்கு 5 வயதில் வலிப்பு நோய் என்று சொன்னார்கள். இப்போது அவளுக்கு 12. இந்த ஏழு வருடத்தில் ஓ.பி. வரிசையில் காத்திருந்த நேரத்தைக் கூட்டினால் சில வாரங்கள் வரும். பக்கத்தில் உட்காரும் அம்மாக்களும் அப்பாக்களும் ஆச்சிகளும் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: மருந்தை எப்படி விடாமல் கொடுப்பது, விட்டுப்போனால் என்ன செய்வது? டாக்டர்களும் நர்ஸ்களும் மருந்து கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களும் எனக்குச் சொல்லித் தந்ததை, நான் பட்டுத் தெரிந்துகொண்டதோடு சேர்த்து எழுதுகிறேன். எந்த மருந்து, எத்தனை மில்லி என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு அதை மாற்றாதீர்கள்.

ஒரு வேளை மாத்திரை விட்டுப்போனால் அப்படி என்ன ஆகிவிடும்?

சில நாள் ஒன்றும் ஆகாது. அதனால்தான் பலரும் ஏமாந்துபோகிறோம். வலிப்பு மருந்து ஆன்டிபயாடிக் மாதிரி கிருமியைக் கொன்று வேலையை முடித்துவிட்டுப் போகும் மருந்து இல்லை. ரத்தத்தில் ஒரு அளவு இருக்கும் வரைதான் மூளையில் வலிப்பைக் கொண்டுவரும் அந்தத் திடீர் மின் துடிப்பு கிளம்பாமல் பிடித்து வைத்திருக்கும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் நாள் முழுக்கத் திறந்திருக்கிறது. காலையும் இரவும் மோட்டார் போட்டால்தான் தண்ணீர் நிற்கும்.

எல்லா மருந்தும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. லெவெடிராசெட்டம் பிள்ளைகள் உடம்பில் சுமார் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். பழைய மருந்தான ஃபீனோபார்பிட்டோன் குறைய நாட்கள் எடுக்கும். அதனால் ‘பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு நாள் விட்டும் ஒன்றும் ஆகவில்லையே’ என்பது உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது.

மருந்தைச் சரியாக எடுத்தால் வலிப்பு உள்ளவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் இருக்க முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது மருந்து உடம்புக்குள் போனால்தான்.

ஒன்றரை வருடமாக ஃபிட்ஸே வரவில்லை. நல்லாத்தானே இருக்கா, இனியும் எதுக்கு மாத்திரை?

நான் தவறியதும் இந்த இடத்தில்தான். அவளுக்கு 8 வயது. கடைசியாக வந்து ஏறத்தாழ ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அம்மா ஊரில் கோவில் கொடை விழா. வீடு நிறைய ஆட்கள், வாசலில் மேளம், ராத்திரி ஒரு மணிக்குத்தான் சாப்பாடே. மாத்திரைப் பை பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் இருந்தது. முதல் ராத்திரி என் கணவர் கொடுத்திருப்பார் என்று நான் இருந்தேன், நான் கொடுத்திருப்பேன் என்று அவர் இருந்தார். இரண்டாம் ராத்திரி அவள் மாமா மடியிலேயே தூங்கிப்போனாள். எழுப்ப மனசு வரவில்லை. ‘நல்லாத்தானே இருக்கா’ என்று நினைத்தது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணி இருக்கும். பாய் சரசரவென்று சத்தம் கேட்டு விழித்தேன். கைகால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது, கடைவாயில் நுரை. அத்தை ஒருவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். நான் பிள்ளையை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் பெட்டிக்குள் இருந்த அந்தப் பைதான் என் கண்ணில் நின்றது.

நன்றாக இருப்பதற்குக் காரணமே மாத்திரைதான். அதை நான் அன்றுதான் உணர்ந்தேன். மருந்து அதிகம் தவறுவது பிள்ளை மோசமாக இருக்கும் நாட்களில் இல்லை. பயம் விட்டுப்போன நாட்களில்தான். அதிலும் தூக்கம் கெட்ட ராத்திரியும் தவறிய மாத்திரையும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மாத்திரை தவறியதை டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரே?

திட்டலாம். ஆனாலும் சொல்லுங்கள். கொடை முடிந்து போனபோது டாக்டர் கேட்டார், “மருந்து ஒழுங்கா கொடுக்கிறீங்களா?” நான் யோசிக்காமல் “கொடுக்கிறோம் சார்” என்றேன். மருந்து சரியாகப் போயும் வலிப்பு வந்தால் டாக்டர் என்ன செய்வார்? அளவைக் கூட்டினார். அடுத்த மூன்று வாரம் பிள்ளை வகுப்பில் தலை சாய்த்துத் தூங்கினாள். நோட்டில் எழுத்து கோடு தாண்டி இறங்கிப்போனது. நான் சொன்ன பொய்க்கு அவள் பட்ட கஷ்டம் அது. அடுத்த முறை போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, அளவைப் பழையபடி குறைத்தார். “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார், அவ்வளவுதான்.

நீங்கள் மட்டும் தவறவில்லை. அமெரிக்காவில் சின்சினாட்டியில் புதிதாக மருந்து ஆரம்பித்த 124 குழந்தைகளை ஆறு மாதம் கவனித்தார்கள். எப்போது திறக்கப்படுகிறது என்று பதிவு செய்யும் மூடி போட்ட மருந்துப் புட்டி கொடுத்திருந்தார்கள். 58 சதவீதம் குழந்தைகளுக்கு மருந்து தொடர்ந்து ஒழுங்காகப் போகவில்லை. அந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: யாருக்கு ஒழுங்காகப் போகும், யாருக்குத் தவறும் என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. புதிதாக மருந்து ஆரம்பித்தவர்கள் முதல் மாதத்தை வீணாக்காதீர்கள். அப்போது படியும் பழக்கம்தான் நிற்கிறது.

காலை மாத்திரை விட்டுப்போனது பத்து மணிக்குத்தான் ஞாபகம் வந்தது. கொடுக்கலாமா?

ஒரு நாளைக்கு இரண்டு வேளை போடும் மருந்து என்றால், நாலு மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் கொடுத்துவிடலாம் என்பதுதான் பொதுவாகச் சொல்வது. அதையும் தாண்டி அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட்டு அடுத்ததை வழக்கமான அளவில் கொடுக்க வேண்டும். இரண்டு வேளையைச் சேர்த்து ஒரே தடவையில் கொடுக்கவே கூடாது. மருந்துக்கு மருந்து இது மாறும். அதனால் இன்றே, நன்றாக இருக்கும்போதே, உங்கள் டாக்டரிடம் கேட்டு ஓ.பி. சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பல நாட்கள் தொடர்ந்து விட்டுப்போயிருந்தால் நீங்களாகப் பழைய அளவில் ஆரம்பிக்காதீர்கள். முக்கியமாக லமோட்ரிஜின். அதைச் சிறிய அளவில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல ஏற்றியிருப்பார்கள். இடைவெளி விட்டுத் திடீரென்று முழு அளவு போட்டால் மோசமான தோல் அலர்ஜி வரக்கூடும். போன் செய்து கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மருந்து குடித்ததும் வாந்தி எடுத்துவிட்டால்?

அரை மணி நேரத்துக்குள் எடுத்தால் அதே அளவை இன்னொரு முறை கொடுக்கலாம் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதற்குப் பிறகு என்றால் வேண்டாம். இரண்டாவது தடவையும் வாந்தி வந்தால், அல்லது வயிற்றுப்போக்கும் சேர்ந்து எதுவுமே நிற்கவில்லை என்றால், வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்து உள்ளே நிற்காத நாளும் மருந்து தவறிய நாள்தான்.

வாயில் வைத்தாலே துப்புகிறான். என்னதான் செய்வது?

மூக்கைப் பிடித்து ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். அழுதுகொண்டிருக்கும்போதும் ஊற்ற வேண்டாம். சிரப்பு என்றால் ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் துப்புவது குறையும். குழந்தை உட்கார்ந்த நிலையில் இருக்க வேண்டும். முடித்ததும் ஒரு வாய் தண்ணீர்.

பல அம்மாக்கள் ஒரு டம்ளர் பாலில் கலந்து கொடுக்கிறார்கள். பிள்ளை பாதிப் பாலை வைத்துவிட்டால் பாதி மருந்தும் டம்ளரோடு போச்சு. கலப்பதாக இருந்தால் ஒரே ஒரு ஸ்பூன் வாழைப்பழ மசியலிலோ தயிரிலோ கலந்து, அதை முழுசாகச் சாப்பிட வையுங்கள். கலக்கலாமா என்று மருந்து வாங்கும் இடத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால் சில மாத்திரைகளை நசுக்கவே கூடாது. வால்ப்ரோயேட்டில் மெதுவாகக் கரையும் மாத்திரைகள் உண்டு. பெயருக்குப் பின்னால் குரோனோ, சி.ஆர். என்று இருக்கும். அதைப் பொடித்தால் நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். விழுங்க முடியவில்லை என்று சொன்னால் டாக்டர் சிரப்புக்கோ வேறு மாத்திரைக்கோ மாற்றித் தருவார்.

என் மகள் ஆறு வயதில் மாத்திரை விழுங்கப் பழகினாள். சீரக மிட்டாயில் ஆரம்பித்தோம். தினமும் சாயங்காலம் ஒரு மிட்டாய், ஒரு மடக்குத் தண்ணீர். பத்து நாளில் விழுங்கிவிட்டாள்.

சிரப்பை ஸ்பூனில் அளந்து கொடுக்கலாமா?

வேண்டாம். எங்கள் வீட்டில் இருந்த மூன்று ஸ்பூன்களில் ஒருமுறை சிரிஞ்சால் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். மூன்றும் மூன்று அளவு. சிரிஞ்சோ, புட்டியோடு வரும் அளவு மூடியோ மட்டும் பயன்படுத்துங்கள். ஃபெனிட்டாயின் மாதிரி அடியில் படியும் மருந்தை ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் புட்டி புதிதாக இருக்கும்போது மேலே தெளிந்ததைக் குடித்து வலிப்பு வரும், கடைசியில் அடியில் தேங்கியதைக் குடித்துத் தள்ளாட்டம் வரும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடுவோம். அப்புறம், மில்லியும் மில்லிகிராமும் வேறு. புதுப் புட்டி வாங்கும்போது 5 மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று லேபிளில் பார்த்து, பழைய புட்டியோடு ஒப்பிடுங்கள்.

வீட்டில் யார் கொடுப்பது? நானும் வேலைக்குப் போகிறேன்.

ஒருவர். யாராக இருந்தாலும் சரி, ஒருவர்தான் பொறுப்பு. அவர் இல்லாத நாளில் இன்னார் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். எங்களுக்கு மாத்திரை தவறியது பாசம் குறைந்ததால் இல்லை. ‘அவர் கொடுத்திருப்பார்’ என்று இரண்டு பேரும் நினைத்ததால்.

ஏழு நாளுக்கும் காலை, இரவு என்று அறை பிரித்த மாத்திரைப் பெட்டி மருந்துக்கடையில் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிரப்பிவிடுவோம். கொடுத்தோமா இல்லையா என்ற சந்தேகமே வராது, அறை காலியாக இருந்தால் கொடுத்தாயிற்று. சிரப்பு கொடுப்பவர்கள் தினசரிக் காலண்டர் தாளில் காலை ஒரு கோடு, ராத்திரி ஒரு கோடு போடலாம். போனில் அலாரம் வையுங்கள். ஆனால் அலாரத்தை அணைத்துவிட்டு மறந்துபோகும் கை நம்முடையது. அதனால் ஏற்கனவே தினமும் நடக்கும் ஒன்றோடு மருந்தைச் சேர்த்துவிடுவது நல்லது. எங்களுக்கு அது காலையில் பல் தேய்த்ததும், ராத்திரி சாப்பாட்டுத் தட்டு வைக்கும் முன்பும்.

ஊருக்குப் போகும்போது மாத்திரை பெட்டிக்குள் போகாது, என் கைப்பையில்தான். இரண்டு நாள் கூடுதலாகவும் இருக்கும்.

மருந்து ஆரம்பித்ததிலிருந்து எரிந்து எரிந்து விழுகிறாள், முடியும் கொட்டுகிறது. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் பொறுத்துக்கொண்டும் இருக்காதீர்கள். லெவெடிராசெட்டம் சில பிள்ளைகளுக்குக் கோபத்தையும் அழுகையையும் கூட்டும். வால்ப்ரோயேட்டில் உடம்பு போடலாம், முடி கொட்டலாம். ஃபெனிட்டாயினில் ஈறு வீங்கலாம். இவற்றுக்கெல்லாம் வழி இருக்கிறது: அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வரும் ஆபத்து உண்டு.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. உடம்பில் தடிப்பு, வாயிலோ கண்ணிலோ புண், கண் மஞ்சளாவது, விடாத வாந்தியோடு மயக்கம் மாதிரித் தூக்கம். இவற்றில் எது வந்தாலும் அன்றே, அந்த வேளையே ஆஸ்பத்திரி.

காய்ச்சல், சளிக்கு வேறு மருந்து கொடுக்கும்போது இதை நிறுத்த வேண்டுமா?

நிறுத்தவே கூடாது. காய்ச்சல் நேரத்தில்தான் வலிப்பு வர வாய்ப்பு அதிகம். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் வலிப்பு மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். மருந்துக்கடையில் நீங்களாகச் சளி மருந்து வாங்க வேண்டாம்.

ஒன்றை நம் வீடுகளுக்காகவே சொல்ல வேண்டும். சளிக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டு நெஞ்சில் தேய்ப்பதும், நீலகிரித் தைலம் விட்டு ஆவி பிடிப்பதும் நமக்குக் கைவந்த பழக்கம். கற்பூரமும் அந்தத் தைலமும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. வலிப்பு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இரண்டும் வேண்டாம். வெறும் வெந்நீர் ஆவி போதும்.

மாதம் முடிவதற்குள் மருந்து தீர்ந்துவிடுகிறது. விலையும் கட்டுப்படியாகவில்லை.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் வலிப்பு மருந்துகள் இலவசம். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தாலும் தொடர்ந்து வாங்குவதை வீட்டுக்குப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் வாங்க முடியுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போவதால்தான் பலருக்கு மருந்து தவறுகிறது, அதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லலாம். மக்கள் மருந்தகத்திலும் விலை குறைவு. கடைசி அட்டையைப் பிரிக்கும் அன்றே அடுத்தது வாங்கும் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். “அந்த கம்பெனி இல்லை, இது அதேதான்” என்று கடையில் மாற்றிக் கொடுத்தால் மருந்தின் பெயர், மில்லிகிராம், மெதுவாகக் கரைவதா சாதாரணமா என்று மூன்றையும் பார்த்து வாங்குங்கள். முடிந்தவரை ஒரே கம்பெனி மருந்தைத் தொடர்வது நல்லது.

மந்திரித்தால் சரியாகும் என்று மாமியார் சொல்கிறார். நாட்டு மருந்துப் பொடியும் ஒருவர் தருகிறார்.

கோவிலுக்குப் போங்கள், கயிறு கட்டிக்கொள்ளுங்கள், மாத்திரையை விடாதீர்கள். பெரியவர்களோடு சண்டை போட்டால் நாம் இல்லாத நேரத்தில் மாத்திரை நின்றுவிடும். ஒருமுறை அவர்களையும் டாக்டரிடம் அழைத்துப் போனால் நாம் நூறு தடவை சொன்னதை அவர் ஒரு தடவையில் புரியவைத்துவிடுவார். பெயர் தெரியாத பொடி மட்டும் வேண்டவே வேண்டாம். மூலிகை என்று விற்ற வலிப்புப் பொடிகளில் ஃபீனோபார்பிட்டோன் கலந்திருந்தது நம் நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாமல் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது?

பெண் பிள்ளை. வெளியே தெரிந்தால் நாளைக்குக் கல்யாணம்?

இந்தக் கேள்வி எப்போதும் மெல்லிய குரலில்தான் வரும். மறைக்கிற வீட்டில் மாத்திரையும் மறைந்து மறைந்துதான் போடப்படுகிறது, விருந்தாளி வந்தால் அந்த வேளை போச்சு. 1999 வரை இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது. அந்த ஆண்டு திருத்தம் செய்து அதை எடுத்துவிட்டார்கள். வலிப்பு உள்ள பெண்கள் படிக்கிறார்கள், மணம் முடிக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். ஒன்று மட்டும்: வால்ப்ரோயேட் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும். வயதுக்கு வரும் பருவத்திலேயே மருந்தை மாற்றுவதைப் பற்றி டாக்டரிடம் பேசத் தொடங்குங்கள். பள்ளியில் வகுப்பு ஆசிரியர் ஒருவரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்.

எவ்வளவு வருடம் கொடுக்க வேண்டும்?

பெரும்பாலும் 2 வருடம் வலிப்பே இல்லாமல் இருந்தால் நிறுத்துவதைப் பற்றி டாக்டர் யோசிப்பார். வலிப்பின் வகையைப் பொறுத்து சிலருக்கு அதற்கும் மேல். நிறுத்தும்போதும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்லக் குறைப்பார்கள். இடையில் மருந்து தவறி வலிப்பு வந்தால் பலருக்கு அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. எங்களுக்குத் தொடங்கியது.

மருந்து தவறி வலிப்பு வந்தே விட்டால்?

ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மணி பாருங்கள். வாயில் ஸ்பூன், துணி, தண்ணீர், மாத்திரை எதுவும் வேண்டாம். கையில் இரும்பு கொடுப்பதால் வலிப்பு நிற்காது, அது தானாகத்தான் நிற்கிறது. 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108. மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் அதைச் சொன்ன அளவில் அடியுங்கள். அது காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று இப்போதே போய்ப் பாருங்கள்.

“நானே போட்டுக்கிறேன், நீ கேக்காத” என்கிறான், வயது 14.

கேட்பதை நிறுத்தாதீர்கள், கேட்கும் விதத்தை மாற்றுங்கள். ‘போட்டியா, போட்டியா’ என்று நாளுக்கு நாலு தடவை கேட்டால் ‘போட்டாச்சு’ என்ற பொய்தான் பழகும். மாத்திரை எதற்கு, எதில் ஆபத்து என்பதை டாக்டரே அவனிடம் நேராகப் பேசட்டும். நீங்கள் கொஞ்ச நேரம் வெளியே இருங்கள். ராத்திரி வெகுநேரம் போனும் கையுமாக இருந்து தூக்கம் கெடுவது, தனியாகக் குளத்தில் நீந்துவது, இதெல்லாம் அவனுக்கே தெரிய வேண்டிய விஷயங்கள்.

என் மகளிடம் இந்த வருடம் பெட்டியைக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவளே நிரப்புகிறாள். புதன்கிழமை ராத்திரி நான் பெட்டியைத் திறந்து எண்ணுவேன் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். போன புதன்கிழமை ஒரு மாத்திரை அதிகமாக இருந்தது. நான் வாயைத் திறக்கும் முன் அவளே சொன்னாள், “நேத்து காலைல விட்டுட்டேன்மா, பஸ் வந்துடுச்சு.” இப்போது ஒரு மாத்திரை, பெயர் எழுதிய சின்ன டப்பாவில், அவள் பள்ளிப் பையின் முன் அறையில் இருக்கிறது. வகுப்பு ஆசிரியைக்கும் அது தெரியும்.